சம்பளத்தை முதல் போனிலேயே சொன்னால் என்ன?

கொண்டலாம்பட்டி எச்ஆர்:
சேலத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கு ஆள் எடுக்கிற எச்ஆர் நான். அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் ஒருவர் வேண்டும். ஒரு மாதம் தேடி, ஒருவருக்கு ஆஃபர் லெட்டர் கொடுத்து, கம்ப்யூட்டர் வரை ரெடி பண்ணி வைத்திருந்தோம். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். எங்கள் லெட்டரைக் காட்டி வேறு இடத்தில் ஆயிரம் ரூபாய் கூட வாங்கிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. இந்த வருஷத்தில் இது மூன்றாவது ஆள். 'வரலை சார்' என்று ஒரு மெசேஜ் போடக்கூடவா கை வரவில்லை?

அஸ்தம்பட்டி பிகாம்:
கோபம் நியாயம்தான் சார். ஆனால் அதே ஒரு மெசேஜுக்கு நாங்களும்தான் காத்துக்கிடக்கிறோம். போன மாதம் சூரமங்கலம் பக்கம் ஒரு கம்பெனியில் மூன்று ரவுண்டு போனேன். இரண்டாவது ரவுண்டில் டெஸ்ட் என்று சொல்லி டாலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் பில் போட வைத்தார்கள். பார்த்தால் அந்த மாதத்து நிஜ பில்கள்! ஒரு கட்டு பில்லையே முடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாவது ரவுண்டில்தான் சம்பளம் வாயில் வந்தது: 14,000. நான் இப்போதே கையில் 16,000 வாங்குகிறேன். முதல் போனில் சொல்லியிருந்தால் எனக்கு மூன்று நாள் லீவு மிச்சம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன், அவர்களும் அப்புறம் கூப்பிடவில்லை.

கொண்டலாம்பட்டி எச்ஆர்:
நிஜ பில்லைப் போட வைத்தது தப்பு, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் சம்பளம் வேறு கதை தம்பி. 18லிருந்து 22 ஆயிரம் வரை என்றால் எல்லார் காதிலும் 22 மட்டும்தான் விழும். அது போகட்டும். எட்டு வருஷமாக எங்களிடம் இருக்கிறவர் 19 வாங்குகிறார். புது ஆளுக்கு 22 என்று விளம்பரத்தில் போட்டால் மறுநாள் காலை அவர் என் டேபிள் முன்னால் நிற்பார்.

அஸ்தம்பட்டி பிகாம்:
நிற்கட்டுமே சார். எட்டு வருஷம் இருந்தவர் கேட்கக் கூடாதா?

பெங்களூரு போய்த் திரும்பியவன்:
தொகையைச் சொன்னால் மட்டும் போதாது, எந்தத் தொகை என்று சொல்ல வேண்டும். எனக்கு வருஷத்துக்கு 3 லட்சம் சிடிசி, அதாவது கம்பெனி எனக்காகச் செலவழிக்கும் மொத்தத் தொகை, என்றார்கள். மாதம் 25,000 என்று வீட்டில் சொல்லிவிட்டேன். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 12,500. அதில் 12 சதவீதம் கம்பெனி பங்கு பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 1,500, கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 600, இரண்டும் அந்த 25க்குள்ளேயே அடக்கம். அப்புறம் என் பங்கு பிஎஃப் இன்னொரு 1,500. கைக்கு வந்தது 21,400. யாரும் பொய் சொல்லவில்லை, நான்தான் 'கையில் எவ்வளவு' என்று கேட்கவில்லை.

இன்னொன்று. வேலை வாங்கித் தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டு என்கிற இடத்திலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிற தனியார் வேலை முகாமுக்குப் போகக் காசு கிடையாது.

கொண்டலாம்பட்டி எச்ஆர்:
நீங்களும் மறைக்கிறீர்களே, அதையும் பேசுவோம். நாலு மாதம் ஒரு இடத்தில் இருந்துவிட்டு ரெஸ்யூமில் அதை விழுங்கிவிடுகிறீர்கள். பிஎஃப் பிடித்திருந்தால், ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கிற பிஎஃப் கணக்கு எண்ணான யூஏஎன்னில் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் கிடக்கும். நாலு மாதத்தில் விட்டதற்காக நான் யாரையும் ஒதுக்கியதில்லை. மறைத்ததற்காக இரண்டு பேரை ஒதுக்கியிருக்கிறேன்.

ஏற்காடு ரிசார்ட்காரன்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் கஷ்டம் இன்னும் மோசம். சேலத்திலிருந்து வரும் பையன் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, பாதியில் வாந்தி எடுத்து, முகம் வெளிறி வந்து இன்டர்வியூவில் உட்காருவான். முன்பெல்லாம் நல்லதை மட்டும் சொல்லி எடுப்போம். பத்து நாளில் பெட்டியைக் கட்டிவிடுவான். மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் ஒருவன் போய்விட்டால் போர்வையை நான்தான் மடிக்க வேண்டும்.

இப்போது போனிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறேன்: கையில் இவ்வளவு, ரூமில் நாலு பேர், டிசம்பரில் துணி காயாது, தீபாவளிக்கு லீவு கிடையாது. பத்துப் பேரில் ஏழு பேர் 'சரிங்கண்ணா, பார்க்கிறேன்' என்று வைத்துவிடுவார்கள். ஏறி வருகிற மூன்று பேர் தங்குகிறார்கள்.

கொண்டலாம்பட்டி எச்ஆர்:
ரூம் பாய்க்குச் சரி. கணக்கு ஆளுக்கு அது எடுபடுமா என்று தெரியவில்லை. பரவாயில்லை, இந்தத் தடவை செய்து பார்க்கிறேன். தம்பி, உங்களுக்கே சொல்கிறேன்: 18,000. ரெஸ்யூமே அனுப்புங்கள்.

அஸ்தம்பட்டி பிகாம்:
பிடித்தம் போகவா, பிடித்தத்துக்கு முன்னாலா சார்?

கொண்டலாம்பட்டி எச்ஆர்:
முன்னால். பேசிக் 9,000. பிஎஃப் 1,080, மருத்துவக் காப்பீட்டுக்கான இஎஸ்ஐ 135 போக 16,785 வரும்.

அஸ்தம்பட்டி பிகாம்:
அப்போ இப்போது வாங்குவதைவிட 785 கூட. அஸ்தம்பட்டியிலிருந்து தினமும் வண்டியில் வரணும். கேன்டீன் இருக்கிறதா சார்?