மதுரையிலிருந்து போய் பழைய கார் கப்பல்களைப் படம் எடுக்க வழி?

வைகைக்கரை:
வணக்கம். மதுரையில இருந்து ஒரே நாள்ல போய்த் திரும்புற மாதிரி கார் ஏற்றுமதிக் கப்பல் படம் எடுக்கணும். புதுசு வேண்டாம். 1990கள்ல கட்டினது, பெட்டி மாதிரி நெடுநெடுன்னு நிக்கிறது, துரு வழியிறது, அதுதான் வேணும். குஜராத்துல கப்பல் உடைக்கிற அலங்குக்குப் போறதுக்குள்ள பதிவு பண்ணிடணும். கேமரா ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்), லென்ஸ் 70-300 மி.மீ. தூத்துக்குடி கிட்டக்க இருக்கே, அங்க கிடைக்குமா? கார் ஏறி இறங்குற பின்பக்க ரேம்ப் (சாய்வுப் பாலம்) தெரியணும்னா எப்ப நிக்கணும்?

நங்கூரம்:
தூத்துக்குடி சரிப்படாதுண்ணே. நிலக்கரி, கன்டெய்னர், காத்தாடி இறக்கை எல்லாம் கிடைக்கும். கார் கப்பல் வழக்கமா வர்றது சென்னைக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும்தான். காலையில வைகை எக்ஸ்பிரஸ் ஏறினா மதியம் ரெண்டு மணி வாக்குல எழும்பூர். சாயங்காலம் மெரினாவுல எடுத்துட்டு ராத்திரி பாண்டியன்ல ஊர் திரும்பிடலாம்.

கிளம்புறதுக்கு முந்தின நாளே, கப்பல் எங்க இருக்குன்னு காட்டுற மரைன் டிராஃபிக் தளத்துல பாத்துருங்க. அதுல காட்டுற வருகை நேரத்தை நம்பாதீங்க, கப்பல்ல கையால அடிக்கிறது, பல நேரம் பழசாவே கிடக்கும். இப்ப இருக்கிற இடம், வேகம், மிச்ச தூரம் மூணையும் வச்சு நீங்களே கணக்குப் போடுங்க. நீளம் 200 மீட்டரை ஒட்டி, அகலம் 32னு இருந்தா பழசா இருக்க வாய்ப்பு உண்டு. அகலம் 35க்கு மேல போனா புதுசுதான். கட்டின வருஷத்தை ஐஎம்ஓ எண்ணைப் (பேர் மாறினாலும் மாறாத கப்பல் அடையாள எண்) போட்டு ஈக்வாசிஸ்ங்கிற கப்பல் விவரத் தளத்துல சரிபாருங்க, பதிவு இலவசம்.

கிழக்குக்கரை:
ரேம்ப் விஷயத்துக்கு வர்றேன், இதுலதான் நிறையப் பேர் ஏமாந்து திரும்புறாங்க. இந்தக் கப்பல்கள்ல பெரிய ரேம்ப் பின்பக்கம் வலது மூலையில இருக்கும். துறைமுக மேடையில கட்டினா அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் கரையோட ஒட்டும், வெளியில இருந்து தெரியாது. அதனால நங்கூரத்துல நிக்கிறப்ப பிடிக்கணும். பக்கச் சுவர் அவ்வளவு உயரம்ங்கிறதால நீரோட்டத்தை விட காத்துதான் இதைத் திருப்பும். கோடையில மத்தியானத்துக்கு மேல கடல்காத்து தென்கிழக்குல இருந்து வீசும். மூக்கு அந்தப் பக்கம் திரும்பும், வலப்பக்கமும் அமரமும் (பின்பகுதி) நம்மைப் பாத்து நிக்கும். மேற்கு வெயிலும் அதே பக்கத்துல விழும். வாடைக் காத்து மாசங்கள்ல மூக்கு வடகிழக்கே போயிடும், நமக்குப் பக்கவாட்டுல கிடைக்கிறது இடப்பக்கம்தான். அதனால மே, ஜூன் பாருங்க, மூன்றரையில இருந்து அஞ்சரைக்குள்ள. காலையில போனா சூரியன் கப்பலுக்குப் பின்னாடி, வெறும் கறுப்பு உருவம்தான் வரும்.

300ல 200 மீட்டர் கப்பல் பக்கவாட்டுல இருந்தா இரண்டரை கிலோமீட்டர்ல ஃபிரேம் நிறையும். நாலு கிலோமீட்டர்ல மூணுல ரெண்டு பங்கு. சூட்டு அலைதான் எதிரி, காய்ஞ்ச மணல்ல நின்னா விளிம்பெல்லாம் நெளியும். ஈர மணலுக்கு இறங்கிடுங்க. அப்பர்ச்சர் எஃப்8, ஷட்டர் 1/1000. பத்துப் பன்னெண்டு படம் தொடர்ந்து தட்டுங்க, அலை அடங்குற நொடியில ஒண்ணு ரெண்டு கூர்மையா விழும். வெள்ளை மேலோடு ஃபிரேமை அடைச்சா சாம்பலாயிடும், எக்ஸ்போஷரை +0.7 ஏத்துங்க. சின்னதா நின்னா -0.3.

வைகைக்கரை:
ரொம்ப நன்றிங்க. பின்னாடி இருக்கிற ஐஎம்ஓ எண் மங்கலா விழுந்தா?

நங்கூரம்:
ஏழு இலக்கம். முதல் ஆறையும் வரிசையா 7, 6, 5, 4, 3, 2 ஆல பெருக்கிக் கூட்டுங்க, கூட்டுத்தொகையோட கடைசி இலக்கம்தான் ஏழாவது. 9074729ஐப் போட்டுப் பாருங்க, 139 வரும். ஒரு இலக்கம் மட்டும் சந்தேகம்னா இதை வச்சு வாய்ப்புகளைக் குறைச்சுடலாம்.

கிழக்குக்கரை:
பேர் மாத்தின கப்பலா இருந்தா மூக்குப் பக்கம் தனியா ஒரு படம் எடுங்க. பழைய பேரை வெல்டிங் விளிம்பால எழுதியிருப்பாங்க, பெயின்ட் அடிச்சாலும் மேடு போகாது. வெயில் நேரா விழுந்தா தெரியாது, சாய்வா விழுந்தா நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். நங்கூரச் சங்கிலி இறங்குற துவாரத்துக்குக் கீழே துரு வழிஞ்ச கோடுகளும் அதே ஃபிரேம்ல வந்துரும்.

துறைமுக வாசல்லயும் உள்ளேயும் கேமராவை வெளிய எடுக்காதீங்க, ட்ரோன் நினைச்சே பாக்காதீங்க. கடற்படை, கடலோரக் காவல்படைக் கப்பல் குறுக்க வந்தா கேமராவை இறக்கிடுங்க. ஏசி பெட்டியில போறீங்கன்னா இறங்கினதும் அரைமணி நேரம் பையை மூடியே வைங்க, இல்லாட்டி லென்ஸ் வேர்த்துடும்.