பட்டினாவுக்கு ‘முதுமேனி’: கல்லடிக் கராஜிலிருந்து ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய பொருளின் மேற்பரப்பில் காலம் உண்டாக்கும் நிறமாற்றத்தையும் தேய்வையும் ஆங்கிலத்தில் பட்டினா (patina) என்பார்கள். அதற்கும், பழையதைச் சீராக்கும் வேலை தொடர்பான வேறு சில சொற்களுக்கும் தமிழ் கேட்டிருந்தீர்கள். பட்டினாவுக்கு இதுவரை வந்த களிம்பு, காலப்படிவு, பழமெருகு ஆகிய மூன்று சொற்களையும் ஒரு வாரமாக மட்டக்களப்புக் கல்லடியில் உள்ள எங்கள் மோட்டார் சைக்கிள் கராஜில் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஓரிடத்தில் தடக்கி நின்றது. அதை விளக்கிவிட்டு என் சொல்லை வைக்கிறேன்.

முதலில், இந்தச் சொல்லுக்காக நான் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்று சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பழைய ஹொண்டா ஒன்று வேலைக்கு வந்தது. வேலைச் சீட்டில் “பெற்றோல் தாங்கியைச் சுத்தம் செய்து புதுப்பிக்கவும்” என்று நானே எழுதினேன். நான் பிளக் வாங்க நகரத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் பயிலுநர் எமரித் தாளை எடுத்து, தாங்கியின் மங்கிய எழுத்தையும் கம்பனிப் பெயின்றையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து முடித்துவிட்டார். எழுதியதைத்தான் அவர் செய்தார். “அந்த மங்கலை விட்டுவிடு” என்று எழுத என்னிடம் ஒரு சொல் இல்லை. அந்தத் தாங்கியை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இப்போது கராஜில் நிற்பது பி.எஸ்.ஏ. பாண்டம் என்ற பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள். களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்தார். அவருடைய தந்தை ஓடிய வண்டி. பாண்டம் 1948இல் சந்தைக்கு வந்தது. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 என்ற வண்டியின் வரைபடங்களை இரண்டாம் உலகப் போரில் வென்றவர்கள் இழப்பீடாக எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்தே பர்மிங்காமில் இதைச் செய்தார்கள். 123 சி.சி., இரண்டடிப்பு எஞ்சின், மூன்று கியர், வெளிறிய பச்சை நிறம். “தம்பி, அப்பா வாங்கிய நாளில் இருந்ததுபோல ஆக்கிவிடுங்கள்” என்றார். “சேர், ஒரு நிமிடம் இதைத் தொட்டுப் பாருங்கள்” என்று தாங்கியின் பக்கவாட்டுக்கு அவர் கையைக் கொண்டுபோனேன்.

முழங்கால் உரசிய இடம் அது. பச்சை மெலிந்து, அதன் கீழே அடிப்பூச்சு தெரிந்து, நட்ட நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் இரும்பு. அலை வடிந்த மணலின் விளிம்புகள்போல ஒவ்வொரு பூச்சும் அடுத்ததற்குள் கரைந்து இறங்கியிருந்தது. வாவியும் கடலும் இரு பக்கமும் கிடக்கும் இந்த ஊரின் உப்புக் காற்றில், வெறும் இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. ஆனால் முழங்கால் பட்ட இந்த இடத்தில் இரும்பு கபில நிறத்தில் வழவழப்பாக இருந்தது. விரலில் எதுவும் ஒட்டவில்லை. வாரந்தோறும் எண்ணெய்த் துணியால் துடைப்பது தந்தையின் வழக்கம் என்றார் ஆசிரியர். ஒரு சாண் கீழே, தாங்கியின் அடி விளிம்பைத் தேய்த்தேன். விரல் செம்மண்ணைத் தொட்டதுபோல் ஆனது.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் சொல்தான் நமக்கு வேண்டும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் செதிலாக எழும்பும், எழும்பிய இடத்தில் ஈரம் தங்கும், உள்ளே மேலும் தின்னும். பட்டினா உலோகத்தோடு ஒட்டிக் கிடந்து அதைக் காக்கும், அல்லது தீங்கின்றி அதன்மேல் இருக்கும். முன்னதை நீக்காவிட்டால் வண்டி போய்விடும். பின்னதை நீக்கினால் வண்டியின் வரலாறு போய்விடும்.

‘களிம்பு’ செம்புக்கும் வெண்கலத்துக்கும் சரியான பழைய சொல். ஆனால் சைவ சித்தாந்தத்தில் செம்பில் களிம்பு என்பது உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்துக்கு உவமை. களிம்பு என்றதுமே அது நீங்க வேண்டியது என்று நம் காது முடிவு செய்துவிடுகிறது. காக்கச் சொல்ல வேண்டிய ஒன்றுக்கு அந்தப் பெயர் எதிராக வேலை செய்யும். ஆஸ்பத்திரியில் தரும் பூச்சு மருந்துக்கும் அதே பெயர்.

‘காலப்படிவு’ என்றால் வெளியிலிருந்து ஏதோ வந்து படிந்தது என்று ஆகிறது. முழங்கால் தேய்த்த இடத்தில் எதுவும் படியவில்லை, இருந்தது போயிருக்கிறது.

‘பழமெருகு’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதைச் சற்றுத் திருத்தி ‘முதுமெருகு’ என்று எழுதிக்கூட வைத்தேன். பிடி, கிக்கர், தாங்கி எல்லாவற்றுக்கும் பொருந்தியது. எஞ்சின் உறைக்கு வந்ததும் விழுந்துவிட்டது. அலுமினிய உறை ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கிச் சாம்பல் நிறமாகும். அதில் மெருகு கிடையாது, மெருகு போனதுதான் அதன் அழகு. அதைப் பளபளவென்று தேய்த்துப் புது வண்டியாக்குகிறவர்களோடுதான் எனக்குச் சண்டையே. மெருகு என்று பெயர் வைத்தால் அவர்கள் கையில் பொலிஷ் டப்பாவை நாமே கொடுத்தது போலாகும்.

ஆகவே ‘முதுமேனி’ என்று முன்மொழிகிறேன். மேனி என்றால் உடலின் மேற்புறம், அதன் நிறம், அதன் வாகு எல்லாம் அடங்கும். பளபளப்பும் மேனிதான், மங்கலும் மேனிதான், தேய்வும் தழும்பும் மேனியில்தான். மேல் கழுவுவது, மேல் வலிப்பது என்று நம் பேச்சிலும் உடம்புக்கு ‘மேல்’ உண்டு; மேனி அதற்கு அந்நியமில்லை. முதுமொழி, முதுகுடி என்ற சொற்களில் ‘முது’ மதிப்போடு நிற்கிறது. ‘பழ’ என்று தொடங்கினால் பழுதும் பழசும் கூடவே வந்துவிடுகின்றன.

ஓர் எல்லையை வரையறையிலேயே எழுத வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். முதுமேனி வெளிப்புறத்துக்கு மட்டும். பெற்றோல் தாங்கியின் உட்புறத் துருவுக்கு இந்தப் பெயரால் மன்னிப்புக் கொடுக்கக் கூடாது. அது உதிர்ந்து கார்புரேற்றரின் துளையை அடைத்து வண்டியை நடுவழியில் நிறுத்தும். பிரேக் கேபிள், சில்லுக் கம்பிகள், செயின் எல்லாம் அப்படியே. உயிர் தங்கியிருக்கும் உறுப்புகளில் மூப்பைப் போற்ற முடியாது. குரோம் பூச்சில் புள்ளி புள்ளியாகத் துரு கிளம்பினால் அதுவும் முதுமேனி அல்ல. பூச்சின் நுண்துளைகள் வழியே அடி இரும்பு அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கூடவே கேட்கப்பட்ட மற்றச் சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. புதுப்பித்தல் என்பதைப் பழைய வண்டிகளுக்குப் பயன்படுத்த வேண்டாம். என் தாங்கியைத் தின்றது அந்தச் சொல்தான். பழுதடைந்ததை அதன் சொந்த உறுப்புகளோடு ஓடவைப்பது மீட்டமைப்பு. உறுப்பே கிடைக்காதபோது சான்றுகளைக் கொண்டு புதிதாகச் செய்வது மீளுருவாக்கம். இந்த வேறுபாடு நம் மண்ணுக்குப் புதிதல்ல. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழின் வடிவத்தைப் பழந்தமிழ் நூற்சான்றுகளிலிருந்து ஆராய்ந்து 1947இல் வெளியிட்டது மீளுருவாக்கத்துக்கான அடித்தளம். 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அவருடைய சமாதி இருக்கும் கல்லடி உப்போடையைக் கடந்துதான் நான் தினமும் கராஜுக்குப் போகிறேன். சொல்லில் கவனக்குறைவாக இருக்க எனக்கு மனம் வருவதில்லை.

சிலைகளுக்கும் செப்புப் பாத்திரங்களுக்கும் களிம்பு என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்று தொல்பொருள் துறை நண்பர்கள் கருதினால் நான் மறுக்கமாட்டேன். இயந்திரங்களுக்கு முதுமேனியை ஏற்கலாமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

பாண்டத்தின் வேலைச் சீட்டில் நேற்று எழுதிவிட்டேன்: “தாங்கி: உள்ளேயும் அடி விளிம்பிலும் துரு நீக்கம். மற்ற இடங்களில் முதுமேனி பேணல், மெழுகு மட்டும்.” பயிலுநர் இருமுறை வாசித்தார். “அப்படியென்றால் முழங்கால் பட்ட இடத்தை விட்டுவிட வேண்டுமா, அண்ணன்?” என்று கேட்டார். ஆம் என்றேன். எமரித் தாளை மடித்து மேசைக்குள் வைத்துவிட்டு மெழுகை எடுக்கப் போனார்.