மறு: ‘டிஸ்கிரிப்டிவ் நேம்’ தமிழில்? காரணப்பெயர் இருக்கிறதே

அனைவருக்கும் வணக்கம்.

நம் நிரல் (புரோகிராம்) சொற்பட்டியலுக்கு ‘டிஸ்கிரிப்டிவ் நேம்’ என்பதற்குத் தமிழ் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மாங்காய் சீசன், உட்கார்ந்து எழுத இன்றுதான் முடிந்தது.

> செயற்கூற்றுக்கு (ஃபங்ஷன், நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதி) வைக்கும் தெளிவான பெயரை ‘விவரிப்புப் பெயர்’ அல்லது ‘தன்விளக்கப் பெயர்’ எனலாம்.

இரண்டுமே ஆங்கிலத்துக்கு வேட்டி கட்டிவிட்டதுபோல இருக்கின்றன. பள்ளியில் படித்த இடுகுறிப்பெயரும் காரணப்பெயரும் எங்கே போயின? மண், மரம் என்று காரணம் தெரியாமல் வழங்கிவருவது இடுகுறி. மரத்தைக் கொத்துவதால் மரங்கொத்தி, அது காரணப்பெயர். நம் நிரலில் எக்ஸ், டெம்ப், பிராசஸ்2 எல்லாம் இடுகுறி, ரசீது_அச்சிடு காரணப்பெயர். நன்னூலில் பவணந்தியார் வகுத்துவைத்திருக்க, நாம் ஏன் புதிதாகத் தேடி அலைய வேண்டும்?

(எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் செயற்கூற்றை ‘நிரல்பாகம்’ என்கிறார்கள். அந்தச் சண்டையை இங்கே இழுக்கவில்லை.)

> பெயர் சரியில்லை என்றால் நிரல் ஓடாமல் போய்விடுமா?

நன்றாக ஓடும். அதுதான் ஆபத்து. கிருஷ்ணகிரிப் பக்கம் கூழ் ஆலைகளுக்கு மாங்காய் வாங்கி அனுப்பும் மண்டி ஒன்றுக்கு ரசீது நிரல் எழுதிக் கொடுத்தேன். அதில் எடை_பார் என்றொரு செயற்கூறு. லோடு எண்ணைக் கொடுத்தால் பதிவிலிருக்கும் எடையை எடுக்கும். அதோடு நிற்காமல் நூற்றுக்கு 3 கழிவைக் கழித்து, அதே பதிவில் திருப்பி எழுதிவிடும். எழுதிய பாவி நானேதான். மறு வருடம் வேலைக்கு வந்த பையன் ரசீது நகல் எடுக்க ஒரு பொத்தான் வைத்தான். எடையைப் பார்க்கத்தானே என்று எடை_பாரையே கூப்பிட்டான். ஒரு பெங்களூரா ரக மாங்காய் லோடு 4,200 கிலோ. முதல் ரசீதில் 4,074. நகலில் 3,952. விவசாயி இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இதுல எது தம்பி நிசம்?” என்றார். பையன்மேல் என்ன தப்பு? இப்போது அது எடை_கொடு, கழிவு_கழித்துப்_பதி என்று இரண்டாகிவிட்டது.

நன்னூல் உரைகளில் மூன்றாவதாக ஒரு வகை உண்டு, காரண இடுகுறி. முள்ளி என்றால் முள் இருக்கிற எதற்கும் பொருந்த வேண்டும், ஆனால் வழக்கில் ஒரு செடிக்கே நின்றுவிட்டது. என் பழைய நிரலில் சரிபார் என்று ஒன்று. கைபேசி எண்ணுக்கு 10 இலக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். பெயரில் காரணம் இருக்கிறது, ஆனால் அகலம் தப்பு. நம் ஆட்கள் வைக்கும் பெயர்களில் பாதி இந்த ரகம்தான். இதற்கும் சொல் கையிலேயே இருக்கிறது, பாருங்கள்.

தமிழிலேயே பெயர் வைத்தால் இன்னொரு லாபம். பைத்தான் நிரல்மொழியில் 3-ஆம் பதிப்பு வந்த 2008 முதல் இதற்குத் தடையில்லை. அங்கே வரிசைப்படுத்த இரண்டு செயற்கூறுகள்: சார்ட் என்றால் பட்டியலையே மாற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பும்; சார்ட்டெட் என்றால் புதுப் பட்டியல் தரும். எத்தனை பேர் இதில் தடுக்கி விழுந்திருக்கிறோம்! தமிழில் முன்னது அடுக்கு, ஏவல். பின்னது அடுக்கிய_பட்டியல், பெயரெச்சம். ஆம், இல்லை என்று விடை தருவதற்கு ஓர் ஆகாரம் போதும்: பணம்_வந்ததா, லோடு_இறங்கியதா.

*

தம்பிக்கு,

தருமபுரியிலிருந்து எழுதுகிறேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பேரன் தயவில் இந்தக் குழுவில் இருக்கிறேன், நிரல் தெரியாது.

காரணப்பெயர் என்பதை ஏற்கிறேன். ஒரு தடை மட்டும். எங்கள் ஒகேனக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னடத்தில் ஹொகெ என்றால் புகை, புகைகிற பாறை. அருவி விழுந்து எழும் சாரலைப் பார்த்து வைத்த பெயர். அந்த மொழி அறியாதவருக்கோ அது வெறும் இடுகுறி. உங்கள் ‘கழிவு’ மண்டிக்காரருக்கு விளங்கும். சென்னையிலிருந்து ஒரு பிள்ளை வந்து அந்த நிரலைத் திறந்தால், அழுகலைக் கொட்டும் வேலை என்று நினைக்காதா?

*

ஐயா,

நினைத்தது. சென்னைப் பிள்ளை அல்ல, காவேரிப்பட்டணத்துப் பிள்ளையே கேட்டது. எடைக்கழிவு என்று மாற்றிவிடுகிறேன்.

சொற்பட்டியலில் ‘காரணப்பெயர்’ என்றே இன்றிரவு ஏற்றுகிறேன். ‘யாருக்குக் காரணம்’ என்று ஒரு வரி குறிப்பில் சேர்க்க வேண்டும், அதை நீங்களே எழுதித் தாருங்கள். காரண இடுகுறிக்குத் தனி இழை தொடங்கலாம். காரணப்பெயருக்கு மறுப்பு இருப்பவர்கள் இன்றிரவுக்குள் சொல்லிவிடுங்கள்.