கடலில் பிடிபட்ட சிவப்புக் கோட்டுகள்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய 1812 போர்க்காலத்துப் படைவீரர்களைச் சிறு பொம்மைகளாகச் செய்து வண்ணம் தீட்டுவது என் பொழுதுபோக்கு. இப்போது ஒரு சிக்கல்.

அப்போது பிரிட்டிஷ் படைக்கு ஆண்டுதோறும் புதுக் கோட்டு உண்டு. கனடாவில் இருந்த படைகளுக்கு அது அட்லாண்டிக் தாண்டித்தான் வரவேண்டும். பாஸ்டன், பால்டிமோர் பக்கமிருந்து அரசு உரிமத்தோடு கிளம்பிய அமெரிக்கத் தனியார் கப்பல்கள் வழியில் மடக்கிவிடும். பிடித்த சரக்கை உடனே பங்கு போட முடியாது. மாவட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் ஏலம்.

அந்த ஏலத்துக்குப் பிறகு சீருடைகள் என்ன ஆயின? இதுதான் என் கேள்வி. அமெரிக்கப் படையிலும் துணிப் பஞ்சம்தான். வழக்கமான நீலத்துணி கிடைக்காமல் அமெரிக்கத் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டின் வீரர்கள் 1814 ஜூலை 5 அன்று கனடாவில் நடந்த சிப்பவா சண்டையில் சாம்பல்நிறச் சட்டையோடு நின்றார்கள். ஆனால் எதிரியின் சிவப்பை அப்படியே மாட்டிக்கொண்டு களத்தில் நின்றால் சொந்த ஆளே சுட்டுவிடுவானே! சாயம் மாற்றினார்களா, படையின் வாத்தியக்காரர்களுக்குக் கொடுத்தார்களா?

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் யாராவது பாஸ்டன் பகுதி ஆவணக்காப்பகத்தில் கப்பல் பறிமுதல் வழக்குக் கோப்புகளைப் பார்த்ததுண்டா? ஏலப் பட்டியலில் கோட்டு, பொத்தான், ரெஜிமெண்ட் எண் என்று ஒரு வரி இருந்தாலும் போதும், போட்டோ அனுப்புங்கள். நகல் எடுக்கும் செலவு என்னுடையது. அப்புறம், பொத்தான் சேகரிப்பவர்கள் இருந்தால் கொஞ்சம் கூப்பிட்டுவிடுங்கள்.