புதுப்பிப்பு: ஒன்றாம் வகுப்பில் க்யூஆர் அட்டைகள்

இணைய முகவரியைத் தட்டச்சு செய்ய வைக்காமல், பிள்ளைகளிடம் க்யூஆர் அட்டை கொடுக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். சில அட்டைகள் ஸ்கேன் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்காக இது.

முதல் சந்தேகம் லேமினேஷன் மீதுதான். பளபளப்பான உறையில் விளக்கொளி தெறித்தால் கேமராவுக்குக் குறியீட்டின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தெரியாது. மேட் உறை போடுங்கள். இருப்பதைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாலும் போதும். குறியீட்டைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை ஓரம் வேண்டும். அழகுக்குப் போடும் பூ பார்டர் அதைத்தான் தின்றுவிடுகிறது! குறியீட்டின் அளவு, ஏறக்குறைய ஸ்கேன் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு: மேசையில் 30 செ.மீ. என்றால் 3 செ.மீ., சுவரில் 2 மீட்டர் என்றால் 20 செ.மீ. இணைப்பு நீண்டால் கட்டங்கள் நெருங்கும், இன்னும் பெரிதாக அச்சிட வேண்டிவரும்.

ஐபேடில் கைடட் ஆக்சஸை (ஒரே செயலியில் பூட்டிவைக்கும் வசதி), பக்கம் திறந்த பிறகே போடுங்கள். கேமராவிலேயே பூட்டிவிட்டால் இணைப்பு சஃபாரி உலாவிக்குப் போகாது.