ஒரே வீட்டில் ஒரே சிஎம்டி 1ஏ, ஆனால் ஆளுக்கொரு மாதிரி. எப்படி?

கேள்வி
வணக்கம். அப்பா, அக்கா, நான் மூன்று பேருக்கும் சார்கோ-மேரி-டூத் (சிஎம்டி) என்ற பரம்பரை நரம்பு நோய். மூன்று ரிப்போர்ட்டிலும் சிஎம்டி 1ஏ, பிஎம்பி22 ஜீன் இரட்டிப்பு என்றே இருக்கிறது. அப்பாவுக்கு 63 வயது, கெண்டைக்கால் மெலிவு, உள்ளங்கால் வளைவு கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான், இன்னும் வண்டி ஓட்டுகிறார். அக்காவுக்கு 35தான், கணுக்காலுக்கு ஸ்ப்ளின்ட் மாட்டாமல் வாசற்படி தாண்ட முடியாது, புடவைக் கொசுவம் பிடிக்க விரல் ஒத்துழைப்பதில்லை. எனக்கு ரப்பர் செருப்பு நாலு எட்டில் கழன்றுவிடும், கழன்றதே தெரியாது. டெஸ்ட்டில் ஏதாவது தப்பா?

பதில் 1
டெஸ்ட் சரியாகத்தான் இருக்கும். 17ஆவது குரோமோசோமில் சுமார் 15 லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு கூடுதலாக ஒரு பிரதி வந்துவிடுகிறது, அதனால் இரண்டு இருக்க வேண்டிய பிஎம்பி22 மூன்றாகி, நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை சரியாக அமைவதில்லை. உங்கள் மூவரின் என்சிவி (நரம்பில் சிக்னல் ஓடும் வேகத்தை அளக்கும் டெஸ்ட்) ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையில் வேகம் மூவருக்குமே நொடிக்கு 38 மீட்டருக்குக் கீழேதான் இருக்கும், பெரிய வித்தியாசம் இருக்காது. அந்த வேகம் சின்ன வயதிலேயே குறைந்து, அப்புறம் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். வித்தியாசம் தெரிவது அதே ரிப்போர்ட்டில் ஆம்ப்ளிட்யூட், அதாவது சிக்னலின் அளவு, என்ற கட்டத்தில். உறைக்குள் இருக்கும் ஆக்ஸான் என்ற நரம்பு இழை எவ்வளவு போயிருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் பலவீனம். அது ஏன் ஒருவருக்கு அதிகமாகப் போகிறது என்பதற்கு முழு விளக்கம் இன்னும் இல்லை. ஒரே கரு இரட்டையர்களிலேயே ஒருவருக்கு லேசாகவும் மற்றவருக்குக் கடுமையாகவும் இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது.

பதில் 2
எங்கள் வீட்டுக் கதை வேறு. எனக்கும் மாமாவுக்கும் கால் இழுக்கும், அம்மாவுக்கு லேசான மதமதப்பு மட்டும். இதுவும் சிஎம்டிதான், ஆனால் கோளாறு ஜிஜேபி1 என்ற ஜீனில், எக்ஸ் குரோமோசோமில் இருப்பது. இதில் ஆண்களுக்குப் பாதிப்பு அதிகம், அப்பாவிடமிருந்து மகனுக்கு வராது. அதனால் நடை ஒன்றுபோல இருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரர் நோயும் நம்முடையதும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில், பெற்றோர் இருவரும் நன்றாக இருந்தும் பிள்ளைக்கு மட்டும் வரும் வகையும் உண்டு. இன்னொன்று: யாராவது எக்ஸோம் (ஜீன்களின் எழுத்துகளைப் படிக்கும் டெஸ்ட்) மட்டும் எடுத்து 'நார்மல்' என்று வந்திருந்தால் நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். இரட்டிப்பு அதில் நழுவ வாய்ப்பு உண்டு, பிரதிகளை எண்ணும் எம்எல்பிஏ டெஸ்ட் கேளுங்கள்.

பதில் 3
எனக்கு அதே துண்டு ஒரு பிரதி குறைவு! எச்என்பிபி என்பார்கள், அழுத்தம் பட்டால் நரம்பு மரத்துச் செயலிழக்கும் பரம்பரை நோய். சாதாரணமாக ஒன்றுமே இல்லை, ஆனால் ஒரு விசேஷத்தில் சம்மணம் போட்டு நெடுநேரம் உட்கார்ந்து எழுந்ததும் பாதம் தொங்கிவிட்டது, சரியாக வாரக்கணக்கில் ஆனது. ஒரு பிரதி கூடினால் உங்கள் வியாதி, குறைந்தால் என் வியாதி.

கேட்டவர்
நன்றி அண்ணா, எல்லோருக்கும். எனக்குக் குழந்தை பிறந்தால்?

பதில் 1
ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி. இருக்கிறதா இல்லையா என்று டெஸ்ட் சொல்லும். அப்பா மாதிரியா அக்கா மாதிரியா என்று சொல்லாது. மரபியல் ஆலோசகரை முன்கூட்டியே இருவருமாகப் போய்ப் பாருங்கள். அப்புறம், உங்கள் மூவரில் யாருக்காவது எப்போதாவது புற்றுநோய் மருந்து கொடுக்க வேண்டி வந்தால் சிஎம்டி இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வின்கிறிஸ்டின் இதில் நரம்பை மோசமாகக் கெடுக்கும், லேசாக இருக்கும் அப்பாவுக்கும் அந்த எச்சரிக்கை அதேதான்.