பூட்ஸுக்குள் குடியேறும் குடும்பம்: பழைய பதிப்பு யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. மேரி நார்ட்டனின் ‘தி பாரோவர்ஸ் அஃபீல்ட்’ (1955) வேண்டும். சிறுவர் நூல்களுக்கான பிரிட்டிஷ் விருதான கார்னகி பதக்கம் வாங்கிய ‘தி பாரோவர்ஸ்’ கதையின் இரண்டாம் பாகம். முதல் பாகம் சுலபமாகக் கிடைக்கிறது. இதுதான் சிக்க மாட்டேன் என்கிறது.

எனக்கு முதல் பாகத்தைவிட இதுதான் பிடிக்கும். வீட்டுத் தரைக்கடியில் வாழ்ந்த சின்னஞ்சிறு மனிதர்களான பாட், அவன் மனைவி ஹோமிலி, மகள் அரியெட்டி மூவரும் தப்பியோடி, இங்கிலாந்து வயல்வெளியில் யாரோ விட்டுப்போன பழைய பூட்ஸுக்குள் குடியேறுகிறார்கள். நமக்கு ஒரு வரப்பு, அவர்களுக்கு ஒரு மலை. அடுப்பும் அலமாரியுமாக வாழ்ந்த ஹோமிலி, காட்டுப்பழமும் கொட்டையும் தின்று குளிர்காலத்தை எதிர்கொள்ள வேண்டும். போதாததற்கு ஸ்பில்லர் என்ற அழுக்குப் பையன் வந்து சேர்கிறான். அவன் இல்லாவிட்டால் பிழைக்க முடியாது என்று தெரிந்தும் அவனுடைய அழுக்கை அவளால் பொறுக்க முடியாது. அந்த முகச்சுளிப்பு இருக்கிறதே, அபாரம்!

டயானா ஸ்டான்லியின் கோட்டோவியங்கள் உள்ள பிரிட்டிஷ் பதிப்புதான் தேவை. அமெரிக்கப் பதிப்பில் பெத், ஜோ க்ரஷ் இருவரின் படங்கள் இருக்கும். அவையும் அழகுதான், ஆனால் இப்போது வேண்டாம். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, பக்கங்கள் முழுதாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு சந்தேகம். கிழவர் டாம் குட்இனஃப், கேட் என்ற சிறுமியிடம் கதை சொல்லத் தொடங்கும் ஆரம்ப அத்தியாயங்கள் கொஞ்சம் மெதுவாகப் போகும். எட்டு வயதுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டியவர்கள் அதைச் சுருக்கினீர்களா, அப்படியே படித்தீர்களா?

புத்தகம் இருந்தால் விலையோடு உள்பெட்டியில் சொல்லுங்கள். தபால் செலவு என்னுடையது.